கடல் தரும் மின்சாரம்

கடலுக்கு ஓய்வு என்பதே கிடையாது. இரவென்றும் பகலென்றும் பாராமல் அலை எழுந்துகொண்டே இருக்கிறது. நாள்தோறும் இருமுறை நீர் ஏறுகிறது, இருமுறை வற்றுகிறது. இந்த இயக்கத்தை மின்சாரமாக மாற்றும் வழியை விஞ்ஞானம் கண்டு நெடுநாளாகிவிட்டது. ஏழாயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடற்கரையை உடையது நம் நாடு. ஆயினும் வணிக முறையில் இயங்கும் ஓத மின் நிலையமோ அலை மின் நிலையமோ இங்கு ஒன்றுகூட இல்லை. வழி தெரிந்தும் ஏன் நடக்கவில்லை? பௌதிகம் பயிலும் மாணவன் என்ற முறையில் இக்கேள்வியை நான் எடுத்துக்கொண்டேன். விடையில் பாதி பௌதிகத்தில் இருக்கிறது. மறுபாதி வட்டிக் கணக்கில் இருக்கிறது.

முதலில் இரண்டு ஆற்றல்களையும் வேறுபடுத்திக் கொள்வோம். அலை காற்றின் பிள்ளை. காற்று நீர்ப்பரப்பின்மேல் நெடுந்தொலைவு வீசுவதால் எழுவது அது. ஓதமோ சந்திரனும் சூரியனும் பூமியின் நீரை ஈர்ப்பதால் உண்டாவது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆகும். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் ஏற்றம் மிகுதி; அட்டமியை ஒட்டிய நாள்களில் குறைவு. ஆகவே ஓதத்தைப் பஞ்சாங்கம்போல முன்கூட்டியே கணித்து அச்சிட்டு விடலாம். நாளை வெயில் அடிக்குமா, காற்று வீசுமா என்பதில் ஐயம் உண்டு. அடுத்த ஆண்டு தைப் பௌர்ணமியன்று பவநகர்த் துறையில் நீர் எத்தனை மணிக்கு ஏறும் என்பதில் ஐயமே இல்லை. மின்சாரம் வழங்குவோருக்கு இது பெரும் பேறு.

ஓதத்திலிருந்து மின்சாரம் எடுக்க இரண்டு வழிகள் உள்ளன. கழிமுகத்தின் குறுக்கே அணை கட்டி, ஏறிய நீரை உள்ளே அடைத்து, வெளியே வற்றியபின் சுழலிகளின் வழியே திறந்துவிடுவது முதல் வழி. பிரான்ஸ் நாட்டில் ரான்ஸ் ஆற்றின் முகத்துவாரத்தில் 1966இல் திறக்கப்பட்ட நிலையம் இவ்வகைப்பட்டது. அங்கு 24 சுழலிகள் உள்ளன. மொத்தத் திறன் 240 மெகாவாட். ஆண்டுக்கு ஏறத்தாழ 50 கோடி யூனிட் மின்சாரம் தருகிறது. தென் கொரியாவில் சிஹ்வா ஏரியில் 2011இல் தொடங்கிய நிலையம் இதைவிடச் சற்றே பெரியது, 254 மெகாவாட்.

இவ்வழியில் கிடைக்கும் ஆற்றல் நீர்மட்ட வேறுபாட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேறுபாடு இருமடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். நம் சென்னைக் கரையில் ஓதத்தின் ஏற்றம் சுமார் ஒரு மீட்டர்தான். நாம் இன்று வாழும் குஜராத்தில், காம்பே வளைகுடாவில், அது சராசரியாக 6.8 மீட்டர், மிகுந்த நாள்களில் 11 மீட்டர். அதாவது ஒரே பரப்புள்ள நீர்த்தேக்கத்தில் இங்கே கிடைக்கும் ஆற்றல் சென்னையில் கிடைப்பதைப்போல் நாற்பத்தைந்து மடங்குக்கும் மேல். வடோதராவுக்குப் படிக்க வந்தபின் கோகா துறைக்குப் போய் நானே பார்த்தேன். காலையில் மிதந்துகொண்டிருந்த படகுகள் பிற்பகலில் சேற்றில் சாய்ந்து கிடந்தன. தூத்துக்குடிக் கரையில் வளர்ந்த எனக்கு அது புதுமையாக இருந்தது.

இரண்டாவது வழிக்கு அணை வேண்டியதில்லை. ஓதம் பாயும் குறுகிய நீரிணையில், காற்றாலையைப் போன்ற சுழலியைக் கடலடியில் நிறுத்திவிடலாம். கடல்நீர் காற்றைவிட எண்ணூறு மடங்குக்கு மேல் அடர்த்தி உடையது. ஆகையால் சிறிய இறக்கையே போதும். நீரோட்டத்தின் வேகம் இருமடங்கானால் கிடைக்கும் திறன் எட்டு மடங்காகும். ஸ்காட்லாந்தின் வடகோடியில் பெண்ட்லண்ட் நீரிணையில் இத்தகைய நான்கு சுழலிகள், மொத்தம் 6 மெகாவாட், 2018இல் முழு அளவில் இயங்கத் தொடங்கின.

அலைக்கு வருவோம். 1973இல் எண்ணெய் விலை ஏறியதும் பல நாடுகள் அலையை நாடின. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் சால்ட்டர், அலையில் தலையசைக்கும் வாத்து போன்ற ஒரு மிதவையை அமைத்து 1974இல் உலகுக்கு அறிவித்தார். நம் நாடும் பின்தங்கி நிற்கவில்லை. சென்னை ஐ.ஐ.டி. விஞ்ஞானிகள் 1991இல் திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞத்தில், மீன்பிடித் துறைமுகத்தின் அலைதாங்கிச் சுவரை ஒட்டி, 150 கிலோவாட் அலை மின் நிலையம் ஒன்றை அமைத்தார்கள். அதன் தத்துவம் எளியது. அடிப்பக்கம் திறந்த பெரிய கான்கிரீட் பெட்டிக்குள் அலை ஏறும்போது உள்ளிருக்கும் காற்று மேலே தள்ளப்படுகிறது. அலை இறங்கும்போது காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. கொல்லன் துருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். காற்று எத்திசையில் போனாலும் ஒரே திசையில் சுழலும் வெல்ஸ் சுழலி அதன் வாயில் பொருத்தப்பட்டிருந்தது. பின்னாளில் அங்கு கடல்நீரைக் குடிநீராக்கும் சோதனையும் நடந்தது. அந்த நிலையம் இன்று இயங்கவில்லை. 2022 நவம்பரில் அதே ஐ.ஐ.டி.யினர் தூத்துக்குடிக்கு அப்பால் ஆறு கிலோமீட்டர் தொலைவில் ‘சிந்துஜா’ என்ற மிதவையை நிறுத்திச் சோதித்தார்கள். அது தந்தது 100 வாட். வீட்டில் ஒரு மின்விசிறியைச் சுழற்றலாம், அவ்வளவுதான். எனினும் அது நம் கடலில் எடுத்த மின்சாரம்.

நிற்க. மத்திய அரசின் மதிப்பீட்டின்படி, கொள்கையளவில் இந்தியாவின் ஓத ஆற்றல் ஏறத்தாழ 12,450 மெகாவாட்; அலை ஆற்றல் ஏறத்தாழ 41,000 மெகாவாட். இவற்றுள் ஒரு சிறு பங்கையே உண்மையில் எடுக்க முடியும் என்றாலும் அதுவும் அற்பமன்று. அப்படியிருந்தும் கைகூடாததற்குக் காரணம் என்ன?

மேற்கு வங்கத்துச் சுந்தரவனத்தில் துர்காதுவானி என்ற ஓடையில் 3.75 மெகாவாட் ஓத நிலையம் ஒன்று இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் திட்டமிடப்பட்டது. மதிப்பீடு 238 கோடி ரூபாயில் வந்து நின்றது. அதாவது ஒரு மெகாவாட்டுக்கு 63.5 கோடி. கட்ச் வளைகுடாவில் எண்ணியிருந்த 50 மெகாவாட் நிலையத்துக்கு 750 கோடி. ஒரு மெகாவாட்டுக்கு 15 கோடி. விலை தாளாது என்று இரண்டும் கைவிடப்பட்டன.

இந்த எண்களை நான் ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். ரான்ஸ் நிலையம் தன் முழுத் திறனில் ஏறக்குறையக் கால்பங்கையே ஆண்டுச் சராசரியாகத் தருகிறது. அதே அளவில் ஒரு மெகாவாட் நிலையம் ஆண்டுக்கு 22 லட்சம் யூனிட் தரும். கடனுக்கு நூற்றுக்கு எட்டு வட்டி என்று கொண்டால், துர்காதுவானியில் ஒரு யூனிட்டின்மேல் விழும் வட்டி மட்டும் 23 ரூபாய். கட்ச்சில் ஐந்தரை ரூபாய். முதலைத் திருப்பும் செலவும் பழுதுபார்க்கும் செலவும் இதில் சேரவில்லை. 2020 டிசம்பரில் இதே குஜராத்தில் நடந்த ஏலத்தில் சூரிய மின்சாரத்தை யூனிட் 1 ரூபாய் 99 காசுக்குத் தர முன்வந்தார்கள். கணக்கர்கள் கடலைக் கைவிட்டதில் வியப்பென்ன?

இதில் நுட்பமான ஒரு செய்தி உண்டு. அனல் நிலையத்தில் செலவின் பெரும்பகுதி நிலக்கரிக்குப் போகிறது. எரிக்க எரிக்கக் கொடுத்தால் போதும். கடல் நிலையத்தில் எரிபொருள் இலவசம். ஆனால் ஏறத்தாழ எல்லாப் பணத்தையும் முதல் நாளே கடலில் போட வேண்டும். பலன் ஐம்பது அறுபது ஆண்டுகள் வரும். எட்டு விழுக்காட்டு வட்டி உலகில், ஐம்பது ஆண்டு கழித்து வரும் நூறு ரூபாயின் இன்றைய மதிப்பு இரண்டு ரூபாய் சொச்சம்தான். பேரனுக்குக் கிடைக்கப்போகும் மின்சாரத்தை வங்கி பொருட்படுத்துவதில்லை. பிரிட்டனில் சுவான்சி விரிகுடாவில் 130 கோடி பவுன் செலவில் எண்ணப்பட்ட 320 மெகாவாட் திட்டத்தை, சுயேச்சையான ஆய்வு ஒன்று 2017இல் ஆதரித்தும், அரசாங்கம் 2018இல் மறுத்தது இக்காரணத்தால்தான்.

அலையின் தொல்லை வேறு. அன்றாட அலையில் சம்பாதிக்க வேண்டிய இயந்திரம் புயலலையிலும் பிழைத்திருக்க வேண்டும். எஃகு, நங்கூரம், கம்பிவடம் எல்லாம் புயலுக்கென்றே கனமாகச் செய்யப்படுகின்றன. ஸ்காட்லாந்துக் கம்பெனியின் ‘பெலாமிஸ்’ என்னும் கடற்பாம்பு இயந்திரங்கள் மூன்று 2008இல் போர்ச்சுக்கல் கடலில் இறக்கப்பட்டு, சில மாதங்களிலேயே கரையேற்றப்பட்டன. 2014இல் கம்பெனியே நொடித்தது. காம்பே வளைகுடாவுக்கு வண்டல் என்ற பகையும் உண்டு. கோகாவுக்கும் தகேஜுக்கும் இடையே 2017இல் தொடங்கிய கப்பல் போக்குவரத்து, வண்டல் மேடிட்டு ஆழம் குறைந்ததால் நின்றுபோனதை இங்கே யாவரும் அறிவர். கப்பலுக்கே வழிவிடாத சேறு சுழலிக்கு எளிதில் வழிவிடாது. ரான்ஸ் அணையைக் கட்டும்போது கழிமுகத்தைக் கடலிலிருந்து அடைத்துவிட்டதால் அங்கிருந்த உயிரினங்கள் மாண்டன. அவை மீளப் பல்லாண்டுகள் ஆயின. மீன்பிடித்து வாழும் நம் மக்களிடம் கேளாமல் எந்த வளைகுடாவையும் அடைக்கலாகாது.

இவ்வளவையும் அறிந்தபின் கைவிட்டுவிடலாமா? கூடாது என்பதே என் துணிபு. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். சூரியத் தகடும் ஒருகாலத்தில் செயற்கைக்கோளுக்கு மட்டுமே கட்டுப்படியான பொருளாக இருந்தது. அரசுகள் நட்டத்துக்கு அஞ்சாமல் தொடர்ந்து வாங்கியதால் தொழிற்சாலைகள் பெருகின, விலை விழுந்தது. ஆனால் தொடர்ச்சி வேண்டும். பிரிட்டிஷ் அரசாங்கம் அலை ஆராய்ச்சிக்கான நிதியை 1982இல் ஒடுக்கியபோது அந்தத் துறையே பல ஆண்டுகள் முடங்கிற்று. அதே அரசாங்கம் ஓதத்துக்கென ஆண்டுக்கு 2 கோடி பவுனைத் தனியே ஒதுக்கி 2022இல் ஏலம் நடத்தியது; ஏறத்தாழ 41 மெகாவாட்டுக்கு ஒப்பந்தம் கிடைத்தது. அவ்விலை கடற்காற்று மின்சாரத்தின் விலையைப்போல் ஐந்து மடங்குக்குச் சற்றே குறைவு. தெரிந்தே கொடுத்தார்கள்.

நமக்கு மூன்று வழிகள் தோன்றுகின்றன. ஒன்று, துறைமுகத்துக்காக எப்படியும் கட்டப்படும் அலைதாங்கிச் சுவரிலேயே மின்நிலையத்தை அமைப்பது. விழிஞ்ஞத்தில் நாம் முயன்றது இதுவே. ஸ்பெயினின் முத்ரிக்கு துறைமுகத்தில் 2011இல் இவ்வாறே 16 சுழலிகள் பொருத்தினார்கள். சுவரின் செலவு துறைமுகத்தைச் சேரும். சுழலியின் செலவே நமக்கு. இரண்டு, மின்சாரம் எங்கே விலை உயர்ந்ததோ அங்கே தொடங்குவது. கப்பலில் டீசல் கொண்டுபோய் மின்சாரம் ஆக்கும் தீவுகளிலும், கடல் நடுவே மிதக்கும் கருவிகளிலும் 1 ரூபாய் 99 காசோடு போட்டி இல்லை. மூன்று, எந்த ஆராய்ச்சியாளரும் தம் இயந்திரத்தைக் கொண்டுவந்து கட்டிச் சோதிக்கும்படி, கம்பிவடத்தோடு ஒரு பொதுச் சோதனைக் கடற்களம் அமைப்பது. ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் 2003 முதல் அப்படி ஒன்று உண்டு. கடல் மின்சாரத்தைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்று நம் மத்திய அரசு 2019இல் அறிவித்துவிட்டது. பெயர் வைத்தாயிற்று, பிள்ளைக்குச் சோறு போட வேண்டும்.

‘இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?’ என்று விடுதியில் நண்பர்கள் என்னைக் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்; வீட்டிலிருந்து வரும் கடிதத்திலும் அதே கேள்வி இருக்கிறது. உறுதி சொல்ல என்னால் இயலாது. ஆயினும் அடுத்த ஆண்டு சுழலி ஆராய்ச்சிக்கே விண்ணப்பிக்க எண்ணியிருக்கிறேன். பொறியியல் பயிலும் தோழர்கள் துருப்பிடிக்காத உலோகத்தைப் பற்றி எண்ணலாம். பொருளாதாரம் பயில்வோர் நீண்டநாள் கடனுக்கு ஒரு வழி காணலாம். உயிரியல் மாணவர்கள் மீனின் பக்கம் நின்று பேசலாம். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு செயலாளரை வேண்டுகிறேன். 23 ரூபாய் என்ற என் கணக்கில் பிழை காண்பவர் அன்று எழுந்து சொல்லட்டும். குறைக்கும் வழி காண்பவர் இன்னும் உரக்கச் சொல்லட்டும்.