குதிரை நடக்க, இடுப்பு நடக்கிறது

‘குதிரைத் திறன்’ என்று வகுப்பில் அடிக்கடி சொல்கிறோம். ஒரு குதிரைத் திறன் 746 வாட் என்று கரும்பலகையிலும் எழுதிப் போடுகிறோம். ஆனால் எங்கள் காத்திவாக்கத்தில் குதிரையை எங்கே காண்பது? கன்டெய்னர் லாரிகளைத்தான் காணலாம்.

சென்ற கோடை விடுமுறையில் என் மாணவி ஒருத்தி ஞாயிறுதோறும் குதிரையைத் தேடிப் போனாள். காத்திவாக்கம் நிலையத்தில் விடியற்காலை மின்ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பேருந்து மாறி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு பண்ணைக்குச் செல்வாள். பெருமூளை வாதத்தால் தசைகள் இறுகிப்போன குழந்தைகளைக் குதிரைமேல் அமர்த்தி அங்கே பயிற்சி தருகிறார்கள். தானும் சவாரி கற்றுக்கொள்ளலாம் என்பது அவள் எண்ணம். ஆனால் அவளை யாரும் குதிரைமேல் ஏற்றவில்லை! ஒருவர் கடிவாளம் பிடித்து முன்னே நடப்பார். இருபுறமும் இரண்டு தொண்டர்கள் குழந்தையின் தொடையை அணைத்துப் பிடித்தபடி நடப்பார்கள். அந்த இருவரில் ஒருத்தியாக மணலில் நடப்பதே இவள் வேலை. குதிரைக்கு நேர் பின்புறம் கண் தெரியாது. ஆகவே தோள்பக்கமாகத்தான் அணுகவேண்டும் என்பது முதல் நாள் பாடம்.

“குதிரைதான் நடக்குது, குழந்தை சும்மா உட்கார்ந்திருக்கு. இதிலே என்ன பயிற்சி சார்?” என்று என்னிடம் கேட்டாள். நல்ல கேள்வி.

மாணவர்களே, இடுப்பின் இருபுறமும் கைகளை வைத்துக்கொண்டு பத்து அடி நடந்து பாருங்கள். ஒவ்வோர் அடிக்கும் இடுப்பு எலும்பு ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குகிறது. சற்றுத் திரும்பவும் செய்கிறது. முன்னும் பின்னும் சாய்கிறது. மெதுவாக நடக்கும் குதிரையின் முதுகும் ஏறக்குறைய இவ்வாறே அசைகிறது. அதன்மேல் கால்களை இருபுறமும் போட்டு அமர்ந்தவரின் இடுப்புக்கு அந்த அசைவு அப்படியே வந்து சேர்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். குதிரை நிமிடத்திற்குச் சுமார் 100 மீட்டர் நடக்கிறது. நான்கு கால்களும் ஒருமுறை எடுத்து வைத்து முடிக்கும் தூரம் சுமார் 1.8 மீட்டர். எனவே நிமிடத்திற்கு 55 சுற்றுகள். ஒரு சுற்றில் பின்கால்கள் இரண்டும் ஒவ்வொரு முறை முன்னேறுவதால், இடுப்பு அசைவு 110 ஆகிறது. நாமும் நிமிடத்திற்கு 100 முதல் 120 அடிதான் வைக்கிறோம்! நடக்கவே இயலாத ஒரு குழந்தையின் இடுப்பு, 20 நிமிடத்தில் 2,200 முறை நடையின் அசைவை உணர்கிறது.

ஒவ்வோர் அசைவிலும் உடலின் ஈர்ப்பு மையம் சற்று இடம் பெயர்கிறது. அதன் வழியே செல்லும் செங்குத்துக் கோடு அடித்தளத்தை விட்டு வெளியேறினால் குழந்தை சரிந்துவிடும். சரியாமலிருக்க வயிறும் முதுகும் ஓயாமல் வேலை செய்கின்றன. ஓடும் பேருந்தில் கம்பியைப் பிடிக்காமல் நின்றவர்களுக்கு இது புரியும். (நின்று பார்க்கவேண்டாம்!)

‘வெறுமனே காலை அகட்டி உட்கார்ந்தாலே போதாதா?’ என்று ஐயம் எழலாம். அமெரிக்காவில் 2003-இல் வெளியான ஓர் ஆய்வு இதைத்தான் சோதித்தது. பெருமூளை வாதம் உள்ள 15 குழந்தைகளில் சிலரை 8 நிமிடம் நடக்கும் குதிரைமேலும், மற்றவர்களை 8 நிமிடம் அசையாத பீப்பாயின்மேலும் அமர்த்தினார்கள். தசைகளின் மின்குறிகளை அளந்தபோது, குதிரைமேல் அமர்ந்தவர்களுக்கு இடவலத் தசைகளின் சமநிலை கூடியிருந்தது. பீப்பாய்க்காரர்களுக்கு அவ்வளவு பலனில்லை. ஆனால் 15 பேர் சிறு எண்ணிக்கை. 8 நிமிடமும் குறுகிய நேரம்.

டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல் பெயரை இத்துறையினர் அடிக்கடி சொல்வார்கள். 1944-இல் இளம்பிள்ளை வாதம் தாக்கி அவருக்கு முழங்காலுக்குக் கீழே செயலற்றுப்போனது. பிறர் துணையின்றிக் குதிரையில் ஏறவோ இறங்கவோ அவரால் முடியாது. ஆயினும் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் வென்றார்; 1956-இலும் வென்றார். அவர் நோய்க்கு முன்பே தேர்ந்த குதிரை வீராங்கனை என்பதைச் சிலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மாணவி சொன்னதைக் கேட்டு, எங்கள் தெருவில் மீன் விற்கும் அம்மா ஒருவர் ஆறு வயது மகனைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார். “குதுர மேல ஒக்கார வச்சா எம்புள்ள நடந்துடுவானா சார்?”

கரும்பலகை முன் நிற்பது எளிது. ‘நடப்பான்’ என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. ‘நடக்கமாட்டான்’ என்று சொல்லவும் நான் யார்? “நிமிர்ந்து உட்கார உதவலாம் அம்மா. நடப்பான்னு வாக்குக் கொடுத்துப் பணம் கேட்டா நம்பாதீங்க. முதல்ல டாக்டர்கிட்ட இடுப்பு மூட்டைக் காட்டுங்க. மூட்டு விலகியிருந்தா குதிரை ஆகாது. இப்ப செய்யற பிசியோதெரபியையும் நிறுத்தக்கூடாது” என்றேன். ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கொடுத்தேன். சுவரில் சாயாமல் மகன் எத்தனை வினாடி உட்காருகிறான் என்று தினமும் மாலை கடிகாரம் பார்த்துக் குறிக்கவேண்டும்.

மருத்துவர் சம்மதித்தார். முதல் ஞாயிறு பையன் குதிரையைக் கண்டு அலறி, தாயின் கழுத்தை விடவே இல்லை. அடுத்த வாரம் ஒரு கேரட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பினான். மூன்றாம் வாரம் ஐந்து நிமிடம் மேலே இருந்தான். பக்கத்தில் நடந்த என் மாணவிக்குத்தான் தோள் கழன்றுவிட்டதாம்.

நோட்டில் இதுவரை பெரிய மாற்றமில்லை. ஆனால் சனிக்கிழமை மாலையே “குதுர, குதுர” என்று வாசலைக் காட்டத் தொடங்கிவிடுகிறான். அதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று அந்த அம்மா என்னைக் கேட்கிறார்.