வருங்காலம் ஓர் உரிமையாகுமா?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கடலூர் மாவட்டத்தில் ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் 1,000 பேருக்குப் பெண் குழந்தைகள் 896 பேர். தமிழகச் சராசரி 943. மாநிலத்திலேயே கடைசி இடம் கடலூருக்குத்தான். பிறந்த பிறகு காட்டும் பாரபட்சமும் இதில் கலந்திருக்கலாம். ஆனாலும் திருட்டு ஸ்கேன் பார்த்து, பெண் என்று தெரிந்ததும் கலைப்பது இந்தப் பக்கத்தில் யாருக்கும் புதுச் செய்தி அல்ல.

அது தவறு என்போம். ஏன் தவறு? "நாளைக்கு கலெக்டராக வரவேண்டிய உயிர்" என்பது வழக்கமான பதில். கரு இன்று என்னவாக இருக்கிறது என்பதை விட்டு, என்னவாக ஆகக்கூடும் என்பதை வைத்து அதற்கு உரிமை கோரும் வாதம் இது.

இதற்கு மறுப்பு டெல்டா விவசாயியிடமே இருக்கிறது. விதைநெல்லைக் கோழிக்கு இறைத்தவரை, விளைந்த பயிரை அழித்தார் என்று யாரும் பஞ்சாயத்துக்கு இழுப்பதில்லை. அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் டான் மார்க்விஸ் 1989இல் இந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தார். கொலை ஏன் குற்றம்? செத்தவரின் வருங்காலம் பறிபோகிறது. நம்முடையதைப் போன்ற வருங்காலம் கருவுக்கும் உண்டு. எனவே கலைப்பதும் அதே அளவு தவறு என்றார்.

இதே மாவட்டத்துச் சிதம்பரத்துக்கு, அதாவது தில்லைக்கு, இதில் இன்னொரு கோணம் உண்டு. தில்லையில் அருளியதாகச் சொல்லப்படும் போற்றித் திருவகவலில் மாணிக்கவாசகர், கருவில் மாதந்தோறும் நேரும் ஆபத்துகளிலிருந்து உயிர் தப்பி வருவதை வரிசையாக அடுக்குகிறார். சைவ சித்தாந்தத்தில் உயிர் அநாதி. அது இனிமேல்தான் உயிராக வேண்டும் என்பதில்லை. ஆகவே மார்க்விஸின் வருங்காலக் கணக்கே அங்கே தேவைப்படாது.

இரண்டு வழியிலும் ஒரே இடத்தில் முட்டுகிறோம். கருவை மட்டும் பார்த்தால், பாலியல் வன்கொடுமையால் கருவுற்ற சிறுமி கலைப்பதும், மூன்றாவதும் பெண் என்று கலைக்கச் சொல்வதும் ஒன்றாகிவிடும். இரண்டும் ஒன்றல்ல என்றே எனக்குப் படுகிறது. முன்னதில், கருவுக்கு உயிர்வாழும் உரிமை இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும், இன்னொருவரின் உடம்பைப் பயன்படுத்தும் உரிமை அதற்குத் தானாக வந்துவிடாது என்று தத்துவ அறிஞர் ஜூடித் ஜார்விஸ் தாம்சன் 1971இல் வாதிட்டார். பின்னதில் குற்றம், 'பெண் வேண்டாம்' என்ற அந்தக் காரணத்தில் இருக்கிறது. அது ஏற்கெனவே பிறந்து பக்கத்தில் நிற்கும் மகள்களையும் சேர்த்தே அவமதிக்கிறது.

நம் சட்டமும் ஏறத்தாழ இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. தாம்சன் எழுதிய அதே 1971இல் வந்த கருக்கலைப்புச் சட்டம், 2021 திருத்தத்துக்குப் பின், குறிப்பிட்ட காரணங்களுக்காக 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தோடும், சில பிரிவினருக்கு 24 வாரம் வரை இருவரின் கருத்தோடும் அனுமதிக்கிறது. கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதையோ 1994ஆம் ஆண்டுச் சட்டம் எந்த வாரத்திலும் அனுமதிப்பதில்லை.

தாம்சனின் வாதமும் இங்கே முழுசாகப் பொருந்திவிடாது. முடிவெடுப்பவள் அந்தப் பெண் என்று அவர் வைத்துக்கொள்கிறார். மாமியாரும் கணவனும் முடிவெடுத்துக் கூட்டிவரும் வீட்டில் அந்த வாதம் யாருக்குப் பயன்படும்? கலைப்பதற்கும் சரி, மறுப்பதற்கும் சரி, வயது வந்த பெண்ணின் சம்மதம் மட்டுமே சட்டத்தில் செல்லும். கணவரின் கையெழுத்தை அது கேட்பதில்லை.