அண்டாவுக்குத் தனிக் கணக்கு

வீட்டில் நாலு பேருக்கு ருசியாகச் சமைப்பவர், எல்லாவற்றையும் நூறால் பெருக்கினால் நானூறு பேருக்கும் சமைத்துவிடலாம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கேட்டரிங் சமையற்கட்டில் புதிதாகச் சேரும் பிள்ளைகளும் இந்த நினைப்போடுதான் வருகிறார்கள். அது ஏன் பலிக்காது என்று பார்க்க, மலேசியாவின் கேமரன் மலையைப் போல வசதியான இடம் இல்லை. அங்குள்ள திரிங்காப் ஊரில் ஆளுக்கொரு தேநீர் சொல்லிவிட்டு மெதுவாகப் பேசுவோம்.

முதலில் இந்தத் தேநீரையே எடுத்துக்கொள்ளுங்கள். கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி குறைந்துவிடும். அதே மலையிலுள்ள தானா ராத்தா சுமார் 1,400 மீட்டர் உயரம். அங்கே உலை 95 டிகிரிக்கே தளதளக்கும். திரிங்காப்பிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். அடுப்பை எவ்வளவு ஏற்றினாலும் ஆவி கூடுமே தவிர, சூடு கூடாது. சமவெளி ஊரான ஈப்போவில் கை பழகிய ஒருவர் மலைக்கு வந்து அதே நேரக் கணக்கில் பருப்பை இறக்கினால், அது நறுக்கென்றுதான் இருக்கும். துவரம்பருப்பை ஊறவைத்துப் போட வேண்டும், மூடி வேகவிட வேண்டும். பருப்பு மலர்வதற்கு முன் புளியைக் கரைத்து ஊற்றக்கூடாது. புளிப்பு சேர்ந்தால் பருப்பு குழைய மறுக்கும்.

அடுத்தது அளவு. அண்டா பெரிதாகப் பெரிதாக, உள்ளே இருக்கும் சாம்பாரின் அளவுக்கு அதன் வாய் அகலம் ஈடுகொடுக்காது. அதனால் ஆவியாகிப் போகும் தண்ணீரின் விகிதம் குறையும். வீட்டுக் கணக்கில் தண்ணீர் ஊற்றினால் சாம்பார் ரசமாகிவிடும். சோற்றுக்கும் வீட்டுக் கணக்கு ஒத்துவராது. பருக்கையை விரலால் நசுக்கும்போது நடுவில் மெல்லிய வெள்ளைப் பொட்டு தெரிய வேண்டும். அப்போதே வடித்துவிட வேண்டும். மிச்ச வேக்காட்டை அண்டாவின் சூடே பார்த்துக்கொள்ளும். முழுக்க வெந்த பிறகு வடித்தால், பரிமாறும் நேரத்தில் அடிச்சோறு களியாகியிருக்கும்.

ஆபத்தான பாடம் கடைசியில் இருக்கிறது: ஆறவைப்பது. க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்றொரு கிருமி. அதன் வித்துகள் கொதியிலும் சாகாது. சூடு 45 டிகிரியை ஒட்டி வரும்போது கிடுகிடுவென்று பெருகும். இராத்திரி 15 டிகிரிக்கு இறங்கும் மலையூரில், 'வெளியே வைத்தால் தானே ஆறிவிடும்' என்று குழம்பு அண்டாவை மூடி வைப்பது எளிது. தொட்டால் வெளிப்பக்கம் சில்லென்றுதான் இருக்கும். ஆனால் பெரிய அண்டா கம்பளி போர்த்திய ஆளைப் போல. நடுவயிறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும். அதனால்தான் 60 டிகிரியிலிருந்து 21-க்கு இரண்டு மணி நேரத்திலும், அங்கிருந்து 5-க்கு அடுத்த நான்கு மணி நேரத்திலும் இறக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித்தருகிறார்கள். வழி எளியது: குழம்பை ஆழமில்லாத தட்டங்களில் பிரித்து ஊற்றுங்கள், அவற்றை ஐஸ் தண்ணீரில் வைத்து அடிக்கடி கிளறிவிடுங்கள். பிறகு குளிர்பெட்டிக்கு அனுப்பலாம்.

இதையெல்லாம் முறையாகக் கற்க மலேசியாவில் வழி உண்டு. எஸ்.எல்.டி.என். எனப்படும் இரட்டைப் பயிற்சித் திட்டம் 2005 முதல் நடக்கிறது. அதில் 70 முதல் 80 விழுக்காடு நேரம் வேலையிடத்திலும் மீதி வகுப்பிலும் கழியும். முடிவில் மலேசியத் திறன் சான்றிதழ் வாங்கலாம். 2009ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிகளின்படி, உணவைக் கையாளும் யாரும் அதற்கான பயிற்சியும் தடுப்பூசியும் இல்லாமல் வேலை செய்யக்கூடாது.

ஆரம்பத்தில் பாத்திரம் கழுவவும் ஒரே அளவில் கேரட் வெட்டவும் விடுவார்கள். சலித்துக்கொள்ள வேண்டாம். துண்டுகள் ஒரே அளவில் இருந்தால்தான் நானூறு பேர் தட்டிலும் ஒரே பதம் விழும். உப்பும் காரமும் கை பழகப் பழகத் தானே வரும். சூடு அப்படி வராது, அதை அளந்துதான் பார்க்க வேண்டும். ஆகவே தம்பி, தங்கச்சி, முதல் சம்பளத்தில் பளபளக்கும் கத்தி வாங்காதீர்கள். அண்டாவின் நடுவே குத்திப் பார்க்கிற நல்ல வெப்பமானி ஒன்று வாங்குங்கள்.