நாடி பார்க்கும் கண்ணாடி நூல்!

"அய்யா, கையைப் பிடிச்சுப் பாத்து பிரஷர் எவ்வளவு இருக்குன்னு சொல்லுங்க."

கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் சித்த மருத்துவரிடம் வந்து உட்கார்ந்ததும் கேட்பது இதைத்தான். நாடி என்றாலே பிரஷர் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல.

மணிக்கட்டில் பெருவிரல் பக்கம் மூன்று விரல்களை வைத்து வளி, அழல், ஐயம் ஆகிய மூன்றின் நடையைப் பார்ப்பது நாடிப் பரிட்சை. துடிப்பு வேகமா, மந்தமா, சீராக ஓடுகிறதா, தடுமாறுகிறதா என்பதெல்லாம் விரலுக்குத் தெரியும். ஆனால் '160-க்கு 100' என்கிற எண் எந்த விரலுக்கும் தெரியாது. அதற்குக் கருவிதான் வேண்டும். அந்தக் கருவி இன்று தலைமுடி போன்ற கண்ணாடி நூலாகவும் வந்துவிட்டது!

கைப்பட்டைக்கு எட்டாத இடம்

கையில் பட்டை கட்டிக் காற்றடித்து ரத்த அழுத்தம் பார்க்கும் முறையை 1896-ல் இத்தாலி டாக்டர் ரிவா ரோச்சி கொண்டுவந்தார். ஸ்டெதஸ்கோப் வைத்துச் சத்தம் கேட்டு அளப்பதை 1905-ல் ரஷ்ய டாக்டர் கொரோட்கோவ் சொன்னார். வீட்டுக்கு இது போதும். ஆனால் இதயத்தின் ரத்தக்குழாய்க்குள்ளும் மண்டை ஓட்டுக்குள்ளும் பட்டை கட்ட முடியுமா? அங்கே போகத்தான் ஒளியிழை.

நம் தெருவுக்கு இன்டர்நெட் கொண்டுவருகிற அதே ஜாதிக் கண்ணாடி நூல்தான் இதுவும். பஞ்சாப் மாநிலம் மோகாவில் 1926-ல் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டனில் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, கண்ணாடி இழைக்கட்டு வழியே படத்தை அனுப்பிக் காட்டினார். அந்தக் கட்டுரை வெளியானது 1954-ல்.

சாதாரணமாக இழையின் தடிமன் 0.125 மில்லிமீட்டர். அதன் நுனியில் ஒரு துளி இடைவெளி விட்டு, மேலே மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கும். சின்னஞ்சிறு மேளம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! அழுத்தம் கூடினால் மேளத்தின் தோல் உள்ளே வளையும். அப்போது இடைவெளி மாறும். உள்ளே போன ஒளி திரும்பி வரும்போது அதுவும் மாறியிருக்கும். அந்த மாற்றத்தை வெளியே இருக்கும் கருவி எண்ணாகக் காட்டும். நூலில் போவது வெறும் ஒளி. மின்சாரம் இல்லை. பக்கத்து மின்கருவிகளின் குறுக்கீடும் அதைக் கெடுக்காது.

திராட்சைத் தோட்டத்துக் கணக்கு

நம் பள்ளத்தாக்கில் சொட்டுநீர் போட்ட திராட்சைத் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். குழாய் ஓரிடத்தில் நசுங்கியிருக்கிறது. விவசாயி என்ன செய்வார்? நசுங்கலைப் பார்த்ததுமே குழாயை வெட்டமாட்டார். கடைசிக் கொடிக்குத் தண்ணீர் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பார்.

இதயத்திலும் இதே கணக்குதான். ஆஞ்சியோகிராம் படம் நசுங்கலைக் காட்டும். தாண்டிப் போகும் அழுத்தத்தைக் காட்டாது. ஆகவே 0.36 மில்லிமீட்டர் தடிமனுள்ள சென்சார் கம்பியை அடைப்பைத் தாண்டிச் செலுத்தி, அடைப்புக்கு அப்பால் உள்ள அழுத்தத்தை முன்னால் உள்ள அழுத்தத்தால் வகுக்கிறார்கள். இதற்கு எஃப்.எஃப்.ஆர். என்று பெயர். விடை 0.80 அல்லது அதற்குக் கீழே என்றால் ஸ்டென்ட் போன்ற சிகிச்சை பலன் தரக்கூடும். அதற்கு மேலே என்றால் பெரும்பாலும் மாத்திரை மருந்தே போதும்.

2009-ல் வெளியான 'ஃபேம்' ஆய்வில் 1005 நோயாளிகள். படத்தை மட்டும் பார்த்துச் சிகிச்சை பெற்றவர்களுக்கு ஆளுக்குச் சராசரியாக 2.7 ஸ்டென்ட். அழுத்தம் அளந்தவர்களுக்கு 1.9. ஓராண்டுக்குள் மரணம், மாரடைப்பு, மறுசிகிச்சை என்று ஏதாவது ஒன்றைச் சந்தித்தவர்கள் முதல் பிரிவில் 18.3 சதவீதம், இரண்டாவதில் 13.2 சதவீதம். அப்போது பயன்பட்டது மின்சார வகைச் சென்சார். இப்போது அதே வேலைக்கு ஒளியிழைக் கம்பியும் வந்திருக்கிறது.

ஆகவே மதுரைக்கோ சென்னைக்கோ ஆஞ்சியோவுக்குப் போகிறவர்கள், "டாக்டர், இந்த அடைப்புக்கு அழுத்தம் அளந்து பார்க்கணுமா?" என்று தாராளமாகக் கேட்கலாம். ஒன்று மட்டும் கவனம்! மாரடைப்பு வந்து துடிக்கிற நேரத்தில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. அடைத்த குழாயை உடனே திறந்தாக வேண்டும்.

மண்டைக்குள் ஒரு காவல்

போடிமெட்டு, குமுளி மலைப்பாதைகளில் பைக்கில் விழுந்து தலையில் பலத்த அடிபட்டால் மூளை வீங்கும். மண்டை ஓடு மூடிய பெட்டி. வீங்க இடம் கிடையாது. படுத்திருக்கும் பெரியவருக்கு மண்டைக்குள் அழுத்தம் சாதாரணமாக 7 முதல் 15 மி.மீ. பாதரசம். அடிபட்டவருக்கு 22-ஐத் தாண்டினால் சிகிச்சை தேவை என்று 2016-ம் ஆண்டு வழிகாட்டி நெறி சொல்கிறது. கடுமையாக அடிபட்டவர்களுக்கு இழைச் சென்சாரை உள்ளே வைத்து மணிக்கணக்கில் கண்காணிக்க முடியும். அந்த நிலைக்குப் போகாமல் காப்பது ஹெல்மெட்!

மணிக்கட்டிலும் ஒளி

நம் நாட்டிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் எஸ். அசோகன் குழுவினர் மணிக்கட்டு நாடியின் துடிப்பை ஒளியிழையால் பதிவு செய்து, ரத்தக்குழாய் எவ்வளவு இளக்கமாக இருக்கிறது என்று அளந்தார்கள். ஆய்வு 2014-ல் வெளியானது. உள்ளே எதையும் செலுத்தாமல், தோலுக்கு மேலிருந்தே அளக்கும் முறை இது. வளி, அழல், ஐயத்தை அந்தக் கருவி சொல்லும் என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். அது அளப்பது துடிப்பின் அழுத்தத்தை. நாடி நடையைப் பார்த்துச் சொல்வது வைத்தியரின் வேலை.

நீங்கள் செய்ய வேண்டியது

உங்கள் வீட்டுக்குக் கண்ணாடி நூல் தேவையில்லை. கைப்பட்டையே போதும். ஆனால் முறையாகப் பாருங்கள்.

* பார்ப்பதற்கு அரைமணி நேரம் முன்பிருந்தே காபி, டீ, பீடி, சிகரெட் வேண்டாம்.
* சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள்.
* கை, இதய மட்டத்தில் மேஜைமேல் இருக்கட்டும். பட்டை கையின் பருமனுக்குப் பொருந்த வேண்டும்.
* ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து எழுதி வையுங்கள்.
* வேறு வேறு நாளில் பார்த்தும் 140-க்கு 90 அல்லது மேலே இருந்தால் டாக்டரைப் பாருங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணம் வாங்காமலே பார்ப்பார்கள். ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறையுங்கள். சித்த மருந்து சாப்பிட ஆரம்பித்த தைரியத்தில் பிரஷர் மாத்திரையை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். நிறைய பேருக்கு உயர் ரத்த அழுத்தம் தலைவலியோ கிறுகிறுப்போ கொடுக்காது. "எனக்கு ஒண்ணும் செய்யலையே" என்கிறவர்தான் முதலில் அளந்து பார்க்க வேண்டும்.