கரு தங்காமைக்கு யார் காரணம்?



சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிழைத்து, தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு ஈப்போ புந்தோங்கில் குடியேறிய ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அந்த வீட்டு மருமகள் மூன்று முறை கருவுற்றாள். மூன்று முறையும் மூன்றாம் மாதம் முடிவதற்குள் கரு கலைந்துவிட்டது. "பப்பாளியைத் தின்றிருப்பாள்" என்கிறார் மாமியார். "பாரம் தூக்கியிருப்பாள்" என்கிறார் அண்டை வீட்டு அக்கா. "சொந்தத்தில் கட்டியதால் வந்த வினை" என்கிறார் இன்னொருவர். மருமகள் வாய் திறவாமல் அழுகிறாள். மகனை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அவன்தான் நல்ல திடகாத்திரமாக இருக்கிறானே!

இந்தப் பேச்சுகளில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதை இன்று நாம் பார்ப்போம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். கருவுற்றது தெரிந்த பிறகு, 100 கருக்களில் 10 முதல் 15 வரை கலைவது உலகெங்கும் உள்ளதுதான். ஆரம்ப மாதங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதி, குரோமோசோம் கோளாறு உள்ளவை. அவற்றில் பெரும்பாலானவை அந்த ஒரு முறை தற்செயலாக நேர்ந்தவை. ஆகவே ஒருமுறை கலைந்தால் அஞ்ச வேண்டியதில்லை. இரண்டு, மூன்று முறை தொடர்ந்தால் காரணத்தைத் தேட வேண்டும்.

குரோமோசோம் என்பது என்ன? நம் உடலின் ஒவ்வோர் அணுவிலும் உடலை உருவாக்கும் குறிப்புகள் அடங்கிய நுண்ணிய இழைகள் உண்டு. அவையே குரோமோசோம்கள். அவை மொத்தம் 46 என்பதை 1956-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்த இருவரில் ஒருவர், நம் அண்டை நாடான இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் பிறந்த ஜோ ஹின் சியோ என்பவர். 46-இல் 23 தாயிடமிருந்தும் 23 தந்தையிடமிருந்தும் வருகின்றன.

தோட்டத்து அலுவலகத்தில் கிராணியார் வைத்திருக்கும் செக்ரோல் புத்தகங்களை நினைத்துக்கொள்ளுங்கள். நம்மிடம் 23 சோடிப் புத்தகங்கள் இருப்பதாக எண்ணுவோம். ஒரு சோடியில் உள்ள புத்தகம் ஒன்றிலிருந்து சில தாள்கள் கழன்று, வேறொரு சோடியின் புத்தகத்தில் ஒட்டிக்கொண்டன. அங்கிருந்து கழன்ற தாள்கள் இங்கே வந்து ஒட்டிக்கொண்டன. தாள் இடம் மாறியதே தவிர, ஒன்றும் தொலையவில்லை; ஒன்றும் கூடவும் இல்லை. கணக்குச் சரியாகவே இருக்கிறது. இதைத்தான் மருத்துவர்கள் சமநிலை இடமாற்றம் என்கிறார்கள். ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இது உண்டு. அவர் நோயாளி அல்லர். நன்றாக உண்பார், உழைப்பார், நீண்ட நாள் வாழ்வார். தமக்கு இப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

சங்கடம் பிள்ளை உண்டாகும்போதுதான் எழுகிறது. பிள்ளைக்கு ஒவ்வொரு சோடியிலும் ஒரு புத்தகம்தான் போகும். மாறாத புத்தகங்கள் இரண்டும் போனால் நன்று. மாறிய இரண்டும் சேர்ந்தே போனாலும் கணக்குச் சரிதான். பிள்ளை, பெற்றவரைப் போலவே நலமாக இருக்கும். மாறியது ஒன்றும் மாறாதது ஒன்றுமாகப் போனால், சில தாள்கள் கூடியும் சில குறைந்தும் விடுகின்றன. அத்தகைய கரு பெரும்பாலும் வளராமல் கலைந்துவிடுகிறது. சில வேளைகளில் குறைகளோடு பிள்ளை பிறப்பதும் உண்டு. டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் 100-க்கு மூன்று நான்கு பேருக்கு இடமாற்றமே காரணம். மற்றவர்களில் பெரும்பாலோர்க்கு அது தற்செயலாக நேர்வது.

இப்போது அந்தப் பழிச்சொற்களுக்கு வருவோம். இந்த இடமாற்றம் பிறவியிலேயே வருவது. பப்பாளியும் பாரமும் அதை உண்டாக்குவதில்லை. சொந்தத்தில் மணம் முடிப்பதால் வேறு சில பரம்பரை நோய்கள் கூடுதலாக வரக்கூடும். ஆனால் இடமாற்றம் அதனால் உண்டாவதன்று. எல்லாவற்றையும்விட முக்கியமானது, இது மனைவியிடமும் இருக்கலாம், கணவனிடமும் இருக்கலாம். திடகாத்திரமான உடம்பைப் பார்த்து முடிவு சொல்ல இயலாது. ஆகவே இருவரும் இரத்தம் கொடுத்தாக வேண்டும்.

சோதனை எப்படி நடக்கிறது? கையிலிருந்து சிறிது இரத்தம் எடுப்பார்கள், அவ்வளவுதான். ஆய்வுக்கூடத்தில் இரத்தத்தின் வெள்ளை அணுக்களை உடல் சூட்டிலேயே ஏறத்தாழ மூன்று நாள் வளர்ப்பார்கள். அவற்றைப் பெருகத் தூண்டுவது, ராஜ்மா எனும் சிவப்புப் பீன்ஸ் கொட்டையில் உள்ள ஒரு பொருள். பெருகும் அணுக்களைச் சரியான கட்டத்தில் நிறுத்த உதவுவது கோல்ச்சிசின் வகை மருந்து. நம் செங்காந்தள் கிழங்கில் உள்ள நஞ்சும் இந்தக் கோல்ச்சிசின்தான்! பிறகு சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்து, வரிவரியாகத் தெரியும் குரோமோசோம்களைச் சோடி சேர்த்துப் பார்ப்பார்கள். முடிவு வரச் சில வாரங்கள் ஆகலாம்.

இதற்கு எங்கே போவது? அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானுக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்தே செல்லுங்கள். எத்தனை முறை, எத்தனையாவது வாரத்தில் கரு கலைந்தது என்பதைத் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். இரு குடும்பத்திலும் இப்படி யாருக்கேனும் நேர்ந்ததா, குறைகளோடு பிள்ளை பிறந்ததா என்பதையும் கேட்டு எழுதுங்கள். அங்கிருந்து கடிதம் பெற்று, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் மகப்பேற்று நிபுணரைக் காணலாம். தேவைப்பட்டால் அவர் மரபியல் மருத்துவரிடம் அனுப்புவார். கோலாலம்பூர் மருத்துவமனையில் மரபியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது.

தொடர்ந்து கரு கலையும் தம்பதியர் 100 பேரில் இரண்டு முதல் ஐந்து பேரிடமே இத்தகைய குரோமோசோம் மாற்றம் காணப்படுகிறது. ஆகவே கருப்பை, தைராய்டு, நீரிழிவு, இரத்தம் உறையும் தன்மை ஆகியவற்றையும் மருத்துவர் சோதிப்பார்.

இடமாற்றம் இருப்பது உறுதியானால் பிள்ளையே இல்லை என்று பொருளா? இல்லை. நெதர்லாந்தில் நடந்து 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இத்தகைய தம்பதியரில் 100-க்கு 83 பேர் சில ஆண்டுகளுக்குள் நலமான பிள்ளை ஒன்றையாவது பெற்றிருந்தார்கள். மிக அரிதாக, நலமான பிள்ளைக்கு வழியில்லாத வகையும் உண்டு. எந்த வகை என்பதை மருத்துவரே விளக்குவார். மறுபடி கருவுற்றால், 11-ஆம் வாரத்திற்குப் பிறகு நஞ்சுக்கொடியின் சிறு துணுக்கையோ, 15-ஆம் வாரத்திற்குப் பிறகு பனிக்குட நீரையோ எடுத்துச் சோதிக்கலாம். அதில் கரு கலையும் ஆபத்து சிறிதளவு உண்டு. விரும்பினால் மட்டும் செய்துகொள்ளலாம். உடன்பிறந்தவர்களுக்கும் இந்த மாற்றம் இருக்கக்கூடும் என்பதால் அவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

ஒரு வேண்டுகோள். சோதனையில் மகனிடம் மாற்றம் தெரிந்தால், மருமகள் மேல் இருந்த பழியை எடுத்து மகன் மேல் போடாதீர்கள். இது யாரும் செய்த குற்றமன்று. மாமியார்மாரே, அடுத்த முறை "என்ன தின்றாய்?" என்று கேட்பதற்குப் பதிலாக, "இருவரும் கிளம்புங்கள், நானும் கூட வருகிறேன்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல் அவளுக்குப் பாதி மருந்து.