ஆஞ்சியோடென்சின் 2: ஹார்மோன் துண்டு ஏற்பியில் இணையும் விதம்

ஆஞ்சியோடென்சின் 2 என்பது ஒரு பெரிய புரதத்திலிருந்து வெட்டப்பட்டு உருவாகும், எட்டு அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட ஹார்மோன் ஆகும். உடலில் நீர் குறையும்போது இரத்த அழுத்தம் இறங்கிவிடாமல் காப்பதும் தாகத்தைத் தூண்டுவதும் இதன் முக்கியப் பணிகள். செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏடி1 என்னும் ஏற்பியில் இணைந்து இது செயல்படுகிறது. ஏடி1, ஜி புரதம் இணைந்த ஏற்பிகள் என்னும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது.

வெயிலும் உடலின் நீரும்

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் பெரும்பாலும் மழையை நம்பிய வறண்ட பூமி. இங்கே சித்திரை வெயிலில் சீமைக்கருவேல் வெட்டுபவரும் கரிமூட்டம் போடுபவரும் நீரையும் உப்பையும் வியர்வையாக இழக்கின்றனர். அதனால் இரத்தத்தின் கன அளவு குறைகிறது. இதை உணரும் சிறுநீரகம், ரெனின் என்னும் நொதியை இரத்தத்தில் விடுகிறது.

துண்டு உருவாதல்

கல்லீரல் ஆஞ்சியோடென்சினோஜென் என்னும் நீண்ட புரதத்தை உருவாக்கி இரத்தத்தில் விடுகிறது. ரெனின் அதன் முனையிலிருந்து பத்து அமினோ அமிலங்களை வெட்டி எடுக்கிறது. இது ஆஞ்சியோடென்சின் 1. இதற்கு ஏறக்குறைய எந்த வீரியமும் இல்லை. நுரையீரலின் இரத்தக் குழாய்களில் மிகுதியாக உள்ள ஏசிஇ என்னும் நொதி கடைசி இரண்டை நீக்கியதும், எட்டு கொண்ட ஆஞ்சியோடென்சின் 2 கிடைக்கிறது. அதிலும் கடைசி ஒன்று போய் ஏழாகிவிட்டால், அத்துண்டு மாஸ் என்னும் வேறோர் ஏற்பியில் இணைந்து இரத்தக் குழாயை விரியச் செய்கிறது. துண்டின் நீளமே அதன் வேலையைத் தீர்மானிக்கிறது.

இணையும் முறை

ஏடி1 ஏற்பி, செல் சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்கும் புரதம். அதன் வெளிப்புறத்தில் ஒரு குழி உண்டு. ஹார்மோன் துண்டின் இரு முனைகளும் இக்குழியில் வெவ்வேறு வேலை செய்கின்றன.

1. முன்முனை: இரண்டாவது இடத்தில் உள்ள ஆர்ஜினைன் நேர் மின்னூட்டம் கொண்டது. குழியின் வாய்ப்பகுதியில் உள்ள எதிர் மின்னூட்டங்கள் அதை ஈர்த்துப் பிடிக்கின்றன.
2. பின்முனை: எட்டாவதான பினைல்அலனின் குழியின் ஆழத்துக்குள் இறங்குகிறது. இதனால் ஏற்பியின் வடிவம் மாறி, செல்லின் உட்புறத்தில் ஓர் இடைவெளி திறக்கிறது.

அந்த இடைவெளியில் ஜி புரதம் வந்து பொருந்திச் செயல்படத் தொடங்குகிறது. அதன் விளைவாகச் செல்லுக்குள் கால்சியம் உயர்ந்து, இரத்தக் குழாயின் தசை சுருங்குகிறது, அழுத்தம் நிலைக்கிறது. மூளையில் இதே ஏற்பி தூண்டப்படும்போது தாகம் எடுக்கிறது.

எட்டாவது அமினோ அமிலத்தை அலனினாக மாற்றினால், துண்டு ஏற்பியில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அதை முழுமையாகத் தூண்டாது. சாவி பூட்டுக்குள் நுழைந்தும் திரும்பாதது போன்ற நிலை இது. 1970களில் ஆய்வு செய்யப்பட்ட சாரலாசின் என்னும் மருந்து இவ்வகையைச் சேர்ந்தது.

இக்குடும்பத்து ஏற்பிகள் பற்றிய ஆய்வுக்காக ராபர்ட் லெஃப்கோவிட்ஸ், பிரையன் கோபில்கா இருவரும் 2012இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். இந்தியாவில் கான்பூர் ஐ.ஐ.டி.யில் அருண் குமார் சுக்லாவின் குழு இவ்வேற்பிகளை ஆராய்ந்து வருகிறது.

மருந்துகளும் எச்சரிக்கையும்

இரத்தக் கொதிப்புக்குத் தரப்படும் லோசார்டன், டெல்மிசார்டன் ஆகியவை ஏடி1 ஏற்பியின் குழியை அடைத்துக்கொள்கின்றன. எனலாபிரில் போன்றவை ஏசிஇ நொதியைத் தடுத்து, துண்டு உருவாவதையே குறைக்கின்றன. இரண்டிலும் அழுத்தம் இறங்குகிறது.

ஆனால் கடும் வயிற்றுப்போக்கு, வாந்தி, வெயிலில் நீரிழப்பு ஆகியவை நேரும்போது, உடல் அழுத்தத்தைக் காக்க நம்பியிருப்பதும் இதே துண்டைத்தான். அவ்வழி அடைபட்டிருப்பதால் தலைசுற்றலும் மயக்கமும் வரலாம், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். ஆகவே இம்மாத்திரைகளை உட்கொள்வோர் அந்நேரங்களில் உடனே மருத்துவரிடம் தெரிவித்து, மாத்திரையைத் தொடர்வதா, சில நாள் நிறுத்துவதா எனக் கேட்டறிய வேண்டும். தாமாகவே நிறுத்துவதும் ஆபத்தே. கருவுற்ற பெண்கள் இவற்றை உட்கொள்ளக் கூடாது. கருவுற்றது தெரிந்தவுடன் மருத்துவரிடம் கூறி வேறு மருந்துக்கு மாறிக்கொள்ள வேண்டும்.