மழைச் சத்தம் கேட்டால் நெஞ்சு படபடக்கிறதா?



2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டோம். பக்கத்து ஊரான காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. நம் மாவட்டத்தில் வழக்கமாக ஒரு வருடம் முழுக்கப் பெய்யும் மழையை விட இது அதிகம். தாமிரபரணி கரை புரண்டது, குளங்கள் உடைந்தன, கரண்ட் போனது, போனும் வேலை செய்யவில்லை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், சுமார் 800 பயணிகள் சிக்கிக்கொண்டார்கள்.

தண்ணீர் வடிந்து, வீடு வாசலைக் கழுவியாயிற்று. ஆனால் வானம் இருட்டினால் உம்மாவை விட்டு நகராத பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். இரவில் மழை பிடித்தால் நாலு தடவை எழுந்து வாசலைப் பார்க்கும் பெரியவர்களும் இருக்கிறார்கள். இதைச் சிலர் கோழைத்தனம் என்கிறார்கள், சிலர் ஈமான் குறைவு என்றே சொல்லிவிடுகிறார்கள். அப்படியல்ல. இது நரம்பு மண்டலத்தின் வேலை.

மூளைக்குள் அமிக்டலா என்று பாதாம்பருப்பு போன்ற ஒரு சிறு பகுதி உண்டு. நாம் யோசித்து முடிக்கும் முன்பே ஆபத்தை உணர்ந்து உடம்பை உசுப்பிவிடுவது அதுதான். உடனே அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு இரைக்கிறது, கை கால் ஓடத் தயாராகிறது, பசியும் தூக்கமும் போய்விடுகின்றன. வெள்ளத்தன்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓட வைத்தது இந்த ஏற்பாடுதான்.

ஆபத்து நீங்கியதும் உடம்பை அமைதிக்குக் கொண்டுவர வேறு நரம்புகள் இருக்கின்றன. மூளையிலிருந்து இறங்கி இதயம், நுரையீரல், குடல் வரை போகும் வேகஸ் நரம்பு அவற்றில் முக்கியமானது. வண்டிக்கு பிரேக் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 'இப்போது பாதுகாப்பாக இருக்கிறோம்' என்று உடம்பு உணர்ந்தால்தான் அந்த பிரேக் பிடிக்கும். பெரிய அதிர்ச்சியைச் சந்தித்த சிலருக்கு மழைச் சத்தமே ஆபத்தின் அடையாளமாகப் பதிந்துவிடுகிறது.

அதனால் 'பயப்படாதே' என்று அதட்டுவதில் பயனில்லை. அதட்டும் குரலே உடம்புக்கு இன்னொரு ஆபத்தாகப் படும். ஹிரா குகையிலிருந்து நடுக்கத்தோடு வந்த நபி (ஸல்) அவர்களுக்கு, கேட்டுக்கொண்டபடி முதலில் போர்த்திவிட்டார்கள். நடுக்கம் தீர்ந்த பிறகே நடந்ததை அவர்கள் சொல்ல, கதீஜா (ரலி) அவர்கள் ஆறுதல் சொன்னார்கள். இந்த வரிசையை நம் வீடுகளிலும் கடைப்பிடிக்கலாம்.

பயந்த பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட நிதானமாக வெளியே விடச் சொல்லி நீங்களும் கூடச் செய்யுங்கள். மூச்சை நீட்டி விடும்போது இதயத் துடிப்பு குறையும். வேளைக்குச் சாப்பாடு, வேளைக்குத் தூக்கம் என்ற ஒழுங்கை விடாதீர்கள். பழைய வெள்ள வீடியோக்களைப் பிள்ளைகள் முன் போட வேண்டாம்.

'இனி வெள்ளமே வராது' என்று பொய் சொல்ல வேண்டாம். தண்ணீர் வந்தால் எங்கே போவோம், யார் யாரைக் கூட்டிப்போவோம் என்று இப்போதே பேசி வையுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், மருந்து, டார்ச் லைட் ஆகியவற்றை ஒரே பையில் போட்டு உயரத்தில் வையுங்கள். பையை எடுத்து வைக்கும் வேலையைப் பிள்ளையிடமே கொடுங்கள். செய்வதற்கு ஒரு வேலை இருந்தால் பயம் பாதி குறையும்.

தூக்கமின்மை, கெட்ட கனவு, படபடப்பு ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, படிப்பையோ வேலையையோ கெடுத்தால் மருத்துவரைப் பாருங்கள். கல்யாணப் பேச்சு கெட்டுவிடுமோ என்று பெண்பிள்ளைகளின் கஷ்டத்தை மூடி வைக்காதீர்கள். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். போன் செய்யத் தயங்குகிறவர்களுக்கு நீங்களே எண்ணைப் போட்டுக் கொடுத்து, பக்கத்தில் இருங்கள்.